கேள்வி–பதில்: கடல்மட்டத்துக்குக் கீழே ஒரு போலந்துச் சிற்றூர்

போலந்து நாட்டிலேயே மிகத் தாழ்ந்த நிலம் விஸ்துலா ஆற்றுக் கழிமுகத்தில், மஜெஞ்சினோ என்ற சிற்றூரை ஒட்டி இருக்கிறது. அங்கே தரை கடல்மட்டத்தைவிட 2.2 மீட்டர் தாழ்வு என்று முந்தைய இதழில் ஒரு குறிப்பு வந்தது. அதைப் படித்துவிட்டுக் காவிரிக் கடைமடையிலிருந்து நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். மற்ற கேள்விகளை ஒத்திவைத்து, இந்தப் பக்கங்களை அந்த ஊருக்கே கொடுத்துவிட்டோம்.

கே: அந்த ஊரை வரைபடத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? மகளின் பொது அறிவுப் புத்தகத்தில் போலந்தின் தாழ்ந்த இடம் என்று வேறு ஊர்ப் பெயர் இருக்கிறதே?
— வாசகி, திருத்துறைப்பூண்டி

ப: பால்டிக் கடற்கரையில் கிடான்ஸ்க் துறைமுகத்தை முதலில் பிடியுங்கள். அதற்குத் தென்கிழக்கே எல்பிளாங் நகரம். இரண்டுக்கும் இடையே நோவி துவூர் கிடான்ஸ்கி என்ற சிறு நகரம் தெரியும். அதற்குக் கிழக்கே, விஸ்துலா காயலை நோக்கிப் போனால் மஜெஞ்சினோ.

விஸ்துலா 1,047 கி.மீ. நீளமுள்ள ஆறு. தெற்கே மலையில் பிறந்து வடக்கே கடலில் விழுகிறது. இந்தத் திசையை நினைவில் வையுங்கள். பின்னால் வரும் ஒரு பதிலுக்கு இதுதான் சாவி. பியாவா கூரா என்ற இடத்தில் நோகட் என்ற கிளை பிரிகிறது. அங்கிருந்து கடல் வரை விரியும் முக்கோணத்துக்கு ஜுவாவி என்று பெயர். பரப்பு சுமார் 1,700 சதுர கி.மீ.; அதில் ஏறக்குறைய 450 சதுர கி.மீ. கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது.

புத்தகத்தில் இருப்பது ராச்கி எல்பிளான்ஸ்கியே என்ற ஊராக இருக்கும். 1.8 மீட்டர் தாழ்வு என்று அதைத்தான் பல்லாண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். விமானத்திலிருந்து லேசர் கதிர் பாய்ச்சி நிலத்தை அளந்த பிறகு மஜெஞ்சினோ முந்திவிட்டது. இரண்டும் ஒரே சமவெளியில் உள்ளவைதான்.

கே: கடலுக்குக் கீழே இருக்கும் நிலத்தில் தண்ணீர் நிற்காதா? எங்கள் ஊரில் கடலைவிட ஒரு முழம் உயரத்தில் இருக்கும் வயலே மார்கழியில் வடிவதில்லை.
— விவசாயி, தலைஞாயிறு

ப: நிற்கும். ஒரு வாரம் பம்பை நிறுத்தினால் வாய்க்கால் நிரம்பும். இன்னும் விட்டால் வயல் குளமாகும். அந்த ஊர் உலர்ந்து கிடப்பது இயற்கையால் அல்ல, இடைவிடாத வேலையால்.

வேலை நடக்கும் ஒழுங்கைக் கீழிருந்து மேலாகப் பார்ப்போம். வயலுக்கு வயல் சிறு வடிகால் உண்டு. பல இடங்களில் மண்ணுக்கடியிலும் துளையுள்ள குழாய்கள் பதித்திருப்பார்கள். இவை ஒரு பெரிய வடிகாலில் சேரும். பெரிய வடிகால் அந்த வட்டாரத்தின் மிகத் தாழ்ந்த மூலைக்குப் போகும். அங்கே பம்பு நிலையம். பம்பு அந்தத் தண்ணீரைத் தூக்கி, இருபுறமும் கரை கட்டிய கால்வாயிலோ ஆற்றிலோ ஊற்றும். அந்தக் கால்வாயின் நீர்மட்டம் பக்கத்து வயலைவிட உயரம். நம் பக்கத்தில் பாசன வாய்க்கால்தான் வயலுக்கு மேலே ஓடும். அங்கே வடிகாலே மேலே ஓடுகிறது. கால்வாயில் ஏறிய நீர் பிறகு தானாகவே காயலுக்குப் போய்விடும்.

இப்படிக் கரையால் சூழப்பட்டு, தனக்கென்று வடிகாலும் பம்பும் கொண்ட ஒவ்வொரு நிலத்துண்டும் ஒரு போல்டர். டச்சுக்காரர்கள் கொடுத்த முறை இது. முதலில் தூக்கியது காற்றாலை. துடுப்புச் சக்கரம் வைத்த ஒரு காற்றாலை ஒன்று, ஒன்றரை மீட்டர்தான் தூக்கும். அதற்கு மேல் வேண்டுமானால் ஒன்றன்பின் ஒன்றாக வைக்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் நீராவிப் பம்பு வந்தது, பிறகு மின்சாரம்.

எங்கே பிழைக்கிறது என்றும் சொல்ல வேண்டும். முதலாவது, கசிவு. ஆறு உயர்ந்திருக்கும்போது கரைக்கு அடியில் நீர் ஊறி உள்பக்கம் வரும். அதைப் பிடிக்கக் கரையின் உள் அடிவாரத்தை ஒட்டித் தனி வடிகால் வெட்டுவார்கள். தெளிந்த கசிவு ஆபத்தில்லை. நீர் கலங்கி, மண்ணோடு வந்தால் கரை உள்ளே அரிக்கிறது என்று பொருள்; உடனே மண்மூட்டையால் அந்த ஊற்றைச் சுற்றி வளையம் கட்டி நீரை உயர்த்த வேண்டும், ஊற்றின் வாயை அடைக்கக் கூடாது. இரண்டாவது, வளை. நம் கரைகளுக்கு எலியும் நண்டும் போல அங்கே பீவர் என்ற நீர்ப்பிராணி கரையைக் குடைகிறது. மூன்றாவது, வடக்குக் காற்று. புயல் காற்று கடல்நீரைக் காயலுக்குள் தள்ளும்போது ஆறு பின்னோக்கி ஏறும். அதற்காகக் கிளைகளின் வாயில் வெள்ளக் கதவுகள் வைத்திருக்கிறார்கள்.

நான்காவதுதான் மெதுவானது, மாற்ற முடியாததும்கூட. வடித்த நிலம் அமுங்குகிறது. நீர் போன களிமண் சுருங்கும். கரிமச் சத்து நிறைந்த கரிமண் காற்றுப் பட்டு மக்கிக் கரையும். நிலம் தாழத் தாழ இன்னும் ஆழமாக வடிக்க வேண்டியிருக்கும். அந்தத் தாழ்ச்சியின் ஒரு பங்கு மனிதர் செய்ததே.

கே: விஸ்துலாவில் பனிக்கட்டியால் வெள்ளம் வருமாமே? பனி உருகினால் தண்ணீர் கூடும், அதுதானே?
— மாணவர், பாபநாசம்

ப: அது பாதிதான். ஆறு தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது என்றோம் அல்லவா? வசந்தத்தில் தெற்கே, தலைப்பகுதியில், முதலில் உருகும். வடக்கே முகத்துவாரம் அப்போதும் உறைந்தே கிடக்கும். மேலிருந்து மிதந்து வரும் பனிப்பாளங்கள் கீழே நகர இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அணைபோல் நிற்கும். ஆறு பின்னால் தேங்கி எந்தக் கரை பலவீனமோ அங்கே உடைக்கும். 1840 குளிர்காலத்தில் இப்படித் தேங்கிய ஆறு மணல்மேட்டையே உடைத்துக் கடலுக்குப் புது வழி எடுத்தது.

அதன் பிறகு வந்த தீர்வு, ஆற்றுக்கு நேர்வழி. ஷ்விப்னோ, மிகோஷேவோ ஊர்களுக்கு இடையே சுமார் 7 கி.மீ. புதிய கால்வாய் வெட்டி 1895 மார்ச் 31 அன்று திறந்தார்கள். கிடான்ஸ்க் பக்கம் போன பழைய கிளையையும், நோகட், ஷ்கர்பாவா கிளைகளையும் அடைப்பும் லாக்கும் (படகு கடக்க இரட்டைக் கதவு வைத்த மடை) வைத்துப் பிரித்தார்கள். இன்று விஸ்துலா வெள்ளம் முழுவதும் அந்த ஒரே வாயால் போகிறது. குளிர்காலத்தில் பனியுடைக்கும் கப்பல்கள் முகத்துவாரத்தில் தொடங்கி மேல்நோக்கி உடைத்துக்கொண்டு போகும். மேலே தொடங்கினால் உடைந்த பாளங்கள் கீழே மாட்டிக்கொள்ளும்.

முக்கொம்பும் கல்லணையும் தெரிந்தவர்களுக்கு இங்கே ஒரு வேறுபாடு புலப்படும். நம் டெல்டாவில் காவிரியை வெண்ணாறு, அரசலாறு, குடமுருட்டி என்று பிரித்துக்கொண்டே போவது பங்கிடுவதற்காக, மிஞ்சியதற்குக் கொள்ளிடம். அங்கே பங்கிடத் தேவையில்லை, வானம் போதும். கிளைகளை மூடியது ஆபத்தைக் குறைக்க. அவர்களுடைய ஆறே ஒரு கொள்ளிடமாக மாற்றப்பட்டுவிட்டது.

கே: இவ்வளவு வாய்க்காலையும் வெட்டியது யார்?
— வாசகர், மன்னார்குடி

ப: இரண்டு கட்டம். முதல் கட்டம் 13, 14-ஆம் நூற்றாண்டுகள். டியூட்டானிக் வீரத்துறவிகள் என்ற ஜெர்மானியக் கிறிஸ்தவப் போர்வீரர் சபையின் ஆட்சியில் கரைகள் எழுந்தன. சற்று மேடான இடங்களில் தெருவும் கோயிலும் உள்ள நெருக்கமான கிராமங்களை நிறுவினார்கள். நில அளவு வூகா: சுமார் 17 ஹெக்டேர், நம் கணக்கில் ஆறேகால் வேலி. கரையைக் காப்பது ஊரார் கடமை. நிலத்தின் அளவுக்கேற்ப ஒவ்வொருவருக்கும் கரையில் இத்தனை நீளம் என்று ஒதுக்கப்பட்டது. மேற்பார்வைக்குக் கரை அதிகாரியைத் தேர்ந்தெடுத்தார்கள். இதைப் படிக்கும்போது குடிமராமத்து நினைவுக்கு வரும். ஆனால் அங்கே கரைக் குழுவுக்குத் தண்டிக்கும் அதிகாரமும் இருந்தது. நம் ஊரில் 1858-ஆம் ஆண்டுச் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தபோது அந்தக் கட்டாயம் அரசின் கைக்குப் போயிற்று.

1466-இல் இந்தப் பகுதி போலந்து அரசரின் கீழ் வந்தது. 16-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இரண்டாம் கட்டம். வெள்ளத்தில் பாழான, யாரும் வேண்டாத சதுப்பு நிலங்களை நீண்டகாலக் குத்தகைக்கு, பெரும்பாலும் 40 ஆண்டுக்கு, நெதர்லாந்திலிருந்து வந்த மெனோனைட் மக்களுக்குக் கொடுத்தார்கள். வளர்ந்த பிறகே ஞானஸ்நானம், ஆயுதம் ஏந்துவதில்லை, சத்தியம் செய்வதில்லை என்பது அவர்கள் கொள்கை. அதற்காகச் சொந்த நாட்டில் துன்புறுத்தப்பட்டவர்கள். அவர்கள் ஊர்கள் வாய்க்காலை ஒட்டி நீளவாக்கில் இருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மண்மேடு. வீடு, மாட்டுக்கொட்டகை, களஞ்சியம் மூன்றும் வரிசையாக இணைந்திருக்கும். வீட்டுக்குப் பின்னால் நிலம் பட்டை பட்டையாக நீளும். ஆக, வரைபடத்தைப் பார்த்தே ஊரின் வயதை ஓரளவு சொல்லலாம்: மேட்டில் கூட்டமாக இருந்தால் பழையது, பள்ளத்தில் வரிசையாக இருந்தால் பின்னால் வந்தது.

1772-இல் ஜெர்மன் அரசான பிரஷ்யா இந்த நிலத்தை எடுத்துக்கொண்ட பிறகு, படையில் சேராதவர்கள் புதிதாக நிலம் வாங்குவதற்குத் தடைகள் வந்தன. இளைய மக்களுக்கு நிலம் இல்லாமல் போனதால் பலர் ரஷ்யப் பேரரசுக்குப் போய், 1789-இல் தினீப்பர் ஆற்றங்கரையில் கோர்த்திசா குடியிருப்பைத் தொடங்கினார்கள்.

கே: அந்தப் பகுதி வீடுகளின் முன்புறம் தூண் வைத்த தாழ்வாரம் படத்தில் பார்த்தேன். திண்ணையா?
— வாசகி, திருவையாறு

ப: உட்காருவதற்கல்ல, வண்டி நிறுத்துவதற்கு. தூண்களுக்கு மேலே தானிய அறை. வண்டி அடியில் வந்து நிற்கும், மூட்டையை நேராக மேலே ஏற்றிவிடலாம்; வெள்ளம் வந்தாலும் கோதுமை நனையாது. தூண்களின் எண்ணிக்கை உரிமையாளரின் நிலத்தைக் காட்டும் என்று அங்கே வழிவழியாகச் சொல்வார்கள். 1720-இல் கட்டிய ஒன்று துருத்னோவி என்ற ஊரில் இன்றும் நிற்கிறது.

கே: 1945-இல் ஊரின் மக்கள் முழுவதும் மாறிவிட்டார்கள் என்கிறார்கள். ஓர் ஊரே எப்படி மாறும்?
— கல்லூரி மாணவி, கும்பகோணம்

ப: முதல் உலகப் போருக்குப் பின் 1920 முதல் 1939 வரை மஜெஞ்சினோ போலந்திலும் இல்லை, ஜெர்மனியிலும் இல்லை, டான்சிக் (கிடான்ஸ்கின் ஜெர்மன் பெயர்) சுதந்திர நகர எல்லைக்குள் இருந்தது. நோகட் ஆறுதான் கிழக்கு எல்லை. அப்போது ஊரின் பெயர் யுங்ஃபர், பேச்சு ஜெர்மன்.

1945 ஜனவரியில் சோவியத் படை எல்பிளாங்கை எட்டியது. உறைந்த காயலின் மேல் நடந்தே தப்பியவர்கள் ஏராளம். மார்ச் மாதம், பின்வாங்கிய ஜெர்மன் படை கரைகளையும் பம்பு நிலையங்களையும் தகர்த்துச் சமவெளியை மூழ்கடித்தது. எஞ்சியிருந்த ஜெர்மானியர் போருக்குப் பின் வெளியேற்றப்பட்டார்கள். மெனோனைட்டுகளும் அவர்களோடு போனார்கள். 400 ஆண்டுத் தொடர்ச்சி அங்கே அறுந்தது.

நிலத்தை வடிக்க மூன்று ஆண்டுக்கு மேல் ஆயிற்று; 1948 வாக்கில்தான் பெரும்பகுதி வெளியே வந்தது. புதிதாகக் குடியேறியவர்கள் மத்திய போலந்திலிருந்தும், சோவியத் வசம் போன வோலின், வில்னியஸ் பகுதிகளிலிருந்தும் வந்தவர்கள். 1947-இல் தென்கிழக்கு மலைப்பகுதி உக்ரேனியரும் லெம்கோ மக்களும் கட்டாயமாக இடம்மாற்றப்பட்டு இந்தப் பக்கமும் சேர்க்கப்பட்டார்கள். வறண்ட மேட்டிலும் மலையிலும் பயிர்செய்து வந்தவர்களுக்குப் போல்டர் புதிது. ஒருவர் தம் வயலோர வடிகாலைத் தூர்த்தால் நாலு வயல் தள்ளி நீர் தேங்கும் என்பதைச் சொல்லித்தர ஊரில் யாரும் மிச்சமில்லை. மக்களும் மொழியும் பெயரும் மாறின. வாய்க்காலும் மேடுகளும் மாறவில்லை. அதனால்தான் இந்த ஊர்களின் வரலாற்றை நீரிலிருந்து தொடங்கிப் படிக்க வேண்டும் என்கிறோம்.

கே: இதே முறையை நம் கடைமடையில் செய்தால் என்ன?
— விவசாயி, வேதாரண்யம் வட்டம்

ப: கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். 500 ஹெக்டேர் கரை கட்டிய நிலம். ஒரே நாளில் 100 மி.மீ. மழை. ஒரு ஹெக்டேருக்கு 1,000 கன மீட்டர், மொத்தம் 5 லட்சம் கன மீட்டர். நொடிக்கு ஒரு கன மீட்டர் இறைக்கும் பம்பு அதை வெளியேற்ற 139 மணி நேரம், கிட்டத்தட்ட ஆறு நாள். 3 மீட்டர் உயரம் தூக்க, இழப்பையும் சேர்த்து 60 குதிரைத்திறன் மோட்டார் வேண்டும். மின்சாரம் ஏறக்குறைய 6,250 யூனிட். ஆறு நாளில் இளம் சம்பாப் பயிர் அழுகத் தொடங்கிவிடும். இரண்டு நாளில் வடிக்க வேண்டுமென்றால் மூன்று பம்பு. அதற்குள் அடுத்த மழை வரக் கூடாது.

ஜுவாவியில் ஆண்டு முழுவதற்கும் சேர்த்தே சுமார் 600 மி.மீ. மழைதான், அதுவும் பரவிப் பெய்யும். நாகைக் கடற்கரையில் அதைவிட இருமடங்கு, பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள். இன்னொன்று உப்பு. அந்தப் பகுதிப் பால்டிக் நீரில் லிட்டருக்கு 7 கிராம் அளவே உப்பு; பொதுவான கடல்நீரில் 35. நிலத்தடி நீர்மட்டத்தைக் கடலுக்குக் கீழே இறக்கினால் அடியிலிருந்து உப்புநீர் மேலே வரும். குட்டநாட்டில் கடலுக்குக் கீழே நெல் விளைகிறதே என்று கேட்கலாம். அங்கே வெள்ளம் போன பிறகு இறைத்து விதைக்கிறார்கள், பெருமழையோடு பம்பை மோதவிடுவதில்லை.

ஆகவே போல்டர் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஆனால் மூன்று பழக்கங்களை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆற்றுக்கரையின் உள் அடிவாரத்தில் கசிவு வடிகால். ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் அகற்றும்போது கடல்வாயில் தொடங்கி மேல்நோக்கி வருவது. தலைப்பில் தொடங்கினால் அறுத்துவிட்டது எல்லாம் கீழ் மதகில் அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு வடிகால் மதகின் அடிமட்டத்தையும் கடல்மட்டத்தோடு ஒப்பிட்டுக் கல்லில் பொறித்து வைப்பது. மூன்றாவதற்குச் செலவு மிகக் குறைவு. ஓதம் இறங்கும் எந்த நேரத்தில் கதவைத் திறக்கலாம் என்பதை அந்த ஓர் எண் சொல்லிவிடும்.

கே: எங்கள் மாணவர்கள் ஒரு போலந்துக் கிராமத்தின் வரலாற்றைத் திட்டப்பணியாகச் செய்ய விரும்புகிறார்கள். எங்கே தொடங்குவது?
— ஆசிரியர், சீர்காழி

ப: பெயரிலிருந்து. இன்றைய போலிஷ் பெயர், 1945-க்கு முந்தைய ஜெர்மன் பெயர் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். எழுத்துகளின் மேலும் கீழும் உள்ள குறிகளை விடக் கூடாது. பிறகு ஊர் எந்த கிமினாவில் இருக்கிறது என்று பாருங்கள். அது நம் ஒன்றியம் போன்ற அலகு. அதற்கு மேல் போவியத், அதற்கு மேல் மாகாணம். நோவா வியேஷ், வூல்கா போன்ற பெயர்களில் டஜன் கணக்கில் ஊர்கள் உண்டு. கிமினா தெரியாமல் தேடினால் வேறு ஊரின் வரலாற்றை எழுதிவிடுவீர்கள். மாகாணங்கள் 1975-இலும் 1999-இலும் மாறின. பழைய நூலில் மஜெஞ்சினோ எல்பிளாங் மாகாணம், இன்று பொமரேனியா.

அடுத்து, 1772 முதல் 1795 வரை பிரஷ்யாவும் ரஷ்யாவும் ஆஸ்திரியாவும் போலந்தைப் பங்குபோட்டுக்கொண்ட மூன்று பிரிவினைகளில் ஊர் யாரிடம் போயிற்று? ஆவணத்தின் மொழியும் வடிவமும் அதைப் பொறுத்தவை. பிரஷ்யப் பகுதியில் 1874 அக்டோபர் முதல் அரசுப் பதிவேடு, ஜெர்மனில். ரஷ்யப் பகுதியில் 1808 முதல் போலிஷில் பத்திபத்தியாக எழுதிய பதிவு, 1868 முதல் ரஷ்ய மொழியில். ஒரே நிகழ்வுக்கு ரஷ்யாவின் பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி ஒன்றும் இன்றைய நாட்காட்டிப்படி ஒன்றுமாக இரண்டு தேதி இருக்கும், 19-ஆம் நூற்றாண்டில் 12 நாள் வித்தியாசம். ஆஸ்திரியப் பகுதியில் இலத்தீன் அட்டவணை, வீட்டு எண்ணோடு. அந்த எண்களைத் தெரு வரிசை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பெரும்பாலும் வீடு கட்டிய வரிசை. மெனோனைட் ஊரில் ஞானஸ்நானத் தேதியைப் பிறந்த தேதியாகக் கொண்டால் இருபது ஆண்டு தவறும்.

அரசு ஆவணக் காப்பகங்களின் பொதுத் தளமான ஷுகாய் வ் அர்ஹிவாஹ் பல பதிவேடுகளின் படங்களை இலவசமாகத் தருகிறது. பிறப்புப் பதிவு 100 ஆண்டும் திருமண, இறப்புப் பதிவுகள் 80 ஆண்டும் கடந்த பிறகே காப்பகத்துக்கு வரும். நிலத்துக்கு, 25,000-இல் ஒரு பங்கு அளவிலான பழைய ஜெர்மன் வரைபடத்தையும் போலந்து அரசின் ஜியோபோர்டல் தளத்தில் உள்ள லேசர் உயர வரைபடத்தையும் அருகருகே வையுங்கள். மறைந்த வீட்டு மேடுகள் லேசர் படத்தில் கொப்புளம்போல் தெரியும். ஓர் எச்சரிக்கை: உயரத்தைச் சில வரைபடங்கள் ஆம்ஸ்டர்டாம் கடல்மட்டத்திலிருந்தும் சில ரஷ்யத் துறைமுகமான குரோன்ஸ்டாட்டின் மட்டத்திலிருந்தும் அளக்கின்றன. இரண்டுக்கும் பத்துப் பதினைந்து சென்டிமீட்டருக்கு மேல் வேறுபாடு. அதைத் திருத்தாமல் நிலம் இவ்வளவு அமுங்கிவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.

கே: அந்த ஊருக்குப் பஞ்சாயத்துத் தலைவர் உண்டா? இன்று வடிகாலை யார் பார்க்கிறார்கள்?
— ஊராட்சி உறுப்பினர், வலங்கைமான்

ப: ஊர்த்தலைவர் சோவ்திஸ். ஊர்மக்கள் கூடி, தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கிமினா ஒப்புக்கொண்டிருந்தால் ஊருக்குத் தனி நிதி உண்டு. அடுத்த ஆண்டு அதை எதற்குச் செலவிடுவது என்று ஊர்க்கூட்டம் தீர்மானித்து, செப்டம்பர் 30-க்குள் கிமினாத் தலைவரிடம் கொடுக்க வேண்டும். தவறினால் அந்த ஆண்டு நிதி இல்லை. ஆறு, பெருங்கரை, பம்பு நிலையங்கள் 2018 முதல் போலந்து நீர்வள நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கின்றன. வயலோர வடிகால் நில உரிமையாளரைச் சேர்ந்தது. பல இடங்களில் அவர்கள் நீர்ச்சங்கம் அமைத்து, ஹெக்டேருக்கு இவ்வளவு என்று சந்தா கட்டித் தூர் வாருகிறார்கள்.